சுத்தக் கைக்கு அழுக்குக் கை எழுதுவது

மழை விட்ட ஈரத்தில் உன் காக்கிச் சட்டைகளில் பூஞ்சை வாடை வந்துவிட்டது. வெயிலில் போடலாமென்று ஒன்றை எடுத்து உதறினேன். பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு கையுறை விழுந்தது. மோந்து பார்த்தேன். திருவிழாக் கடை பலூன் வாசனை. அதற்கு அடியில் பீடி வாசனை. "பீடிய வுட்டு எவ்ளோ நாளாச்சு மேடம்" என்று அந்தப் பெண்ணிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாயே, அந்தப் பீடிதான்.

சிரிப்பதா அழுவதா என்று நான் முடிவு பண்ணுவதற்குள் போன் அடித்தது. அந்த மேடமேதான்.

"அக்கா, செஞ்சிப் பக்கம் ராத்திரி முழுக்க மழையாம். ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

ஊர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், வீட்டுக்குள் 'யோவ்' என்பேன். எழுத்தில் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் 'நீ' என்றே எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். கோபித்துக்கொண்டாலும் இறங்கி வந்து கேட்கவா போகிறாய்?

அந்த மேடம் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிறவர் என்பதும், உன் குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்தவர் என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் அவர் முதல் தடவை வந்துவிட்டுப் போன அன்றைக்கு நீ வீட்டுக்குள் நுழைந்த நுழைவு உனக்குத் தெரியாது. மாடு ஈன்றால் சொல்வாயே, அந்தக் குரலில் சொன்னாய்.

"இந்தா, நம்ம ஆத்துத் தண்ணியில செம்பு இருக்குதாம்."

நான் பித்தளைக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "யாராவது சொம்பைத் தொலைச்சிருப்பாங்க" என்றேன்.

நீ குந்திவிட்டாய். குந்தினால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாய். "சொம்பு இல்லமே. பாறையில இருக்குற செம்பு. மழைத் தண்ணிக்கு லேசா ஒரு புளிப்பு இருக்குது. மண்ணுக்குள்ள வேரு மூச்சு வுடுதாம், அதுல பட்டு இன்னும் புளிக்குதாம். அந்தப் புளிப்பு பாறைய அரிச்சு, அதுல இருக்குற இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாத்தையும் துளித்துளியா தண்ணியில எறக்கி வுடுது. நீ இப்ப தேய்க்கிற பாரு, அதேதான். மழ வந்து செஞ்சி மலையத் தேய்ச்சிக்கினு இருக்குது."

"இவ்ளோ காலமா தேய்ச்சும் உங்க மலை ஒரு பக்கம்கூட பளபளன்னு ஆவலியே" என்றேன்.

நீ யோசித்தாய். "மேடத்தக் கேக்குறேன்" என்றாய். நிஜமாகவே போய்க் கேட்டாய். அவர் சிரித்துச் சிரித்து, அக்காவை நான் பார்க்க வேண்டும் என்றாராம். அப்படித்தான் நானும் உன் வண்டியில் ஏறினேன்.

ஏறினேனே தவிர, எனக்குக் கிடைத்த வேலையின் பெயரைக் கேட்டதும் இறங்கிவிடலாம் போல் இருந்தது. ஆற்றில் செம்பு இருக்கிறது என்றால் அண்டா நிறையத் தண்ணீரில் ஒரு தூசுகூடத் தேறாது. வளையல் உரசினாலும் மோதிரம் பட்டாலும் பாட்டிலில் இருப்பது ஆற்றுச் செம்பா, நம் வீட்டுச் செம்பா என்று தெரியாமல் போய்விடும். அதனால் இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். பாட்டிலுக்கு மேல் ரெண்டு கவர். ஒருவர் வெளிக்கவரை மட்டும் தொட வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், அவர் அழுக்குக் கை. இன்னொருவர் கையுறை போட்டு உள்கவரையும் பாட்டிலையும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது, அவர் சுத்தக் கை. உலகம் முழுக்க அப்படித்தானாம்.

விடிந்தால் குளித்து, துவைத்து, கோலம் போட்டு, உனக்கும் சோறு போடுகிற நான் அழுக்குக் கை. கிரீஸ் படிந்த வண்டித் துணியில் முகம் துடைக்கிற நீ சுத்தக் கை!

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம், "உள்ள கூப்பிடாத, அவ அழுக்குக் கை" என்று சொன்னாய். ஒரு வாரம் உனக்குக் குழம்பில் உப்பு கூடியதற்கு அதுதான் காரணம். இப்போதாவது தெரிந்துகொள்.

ஒரு தடவை வில்லியனூர்ப் பக்கம் போய்த் தண்ணீர் எடுத்துவிட்டுத் திண்டிவனம் திரும்புகையில், பாண்டி எல்லைச் சாவடியில் போலீஸ் கை காட்டியது. பெட்டியைத் திறந்தால் ஐஸ், ஐஸுக்குள் வரிசையாக வெள்ளைப் பாட்டில். போலீஸ்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாய்யா இது?"

"ஆத்துத் தண்ணிங்க சார்."

"ஆத்துத் தண்ணிய ஐஸ் பெட்டியில வெச்சு, ரெண்டு கவர் போட்டு எடுத்துக்கினு போற. யார்கிட்ட கத வுடுற? பாட்டிலத் தொற."

அவர் கையை நீட்டினார். நீ வண்டியே அதிர, "தொடாதீங்க சார், உங்க கையில மோதிரம் இருக்குது" என்று கத்தினாய். போலீஸையே அதட்டின ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் ஆரம்பித்தாய். மலை, மழை, புளிப்பு, வேரு விடுகிற மூச்சு, நான் தேய்க்கிற குண்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய ஆபீசர் வரைக்கும் கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஜல்தி அனுப்பி வுட்றா, சரக்கு கடத்துறவன்கூட இவ்ளோ பேசமாட்டான்" என்றார். வண்டி எடுத்ததும் நீ மீசையைத் தடவி, "விஞ்ஞானத்துக்கு முன்னால போலீஸ் இன்னா பண்ணும்?" என்றாய்.

அப்பேர்ப்பட்ட விஞ்ஞானிதான் அந்த ஆயுத பூஜையில் அந்தக் காரியம் பண்ணினான். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே மேடம் பாட்டில்களைத் திராவகத்தில் ஊறவைத்துக் கழுவி, கவருக்குள் கவர் போட்டு நம் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நீ வண்டிக்குப் பூஜை போட்டாய், ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் போட்டாய், அப்புறம் அந்தக் கவர்களையெல்லாம் பிரித்து ஒவ்வொரு பாட்டில் மூடிக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாய். மறுநாள் வந்த மேடம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பூஜ மேடம். ஜாக்கிக்குப் போட்டுட்டு பாட்டிலுக்குப் போடலன்னா அது கோச்சிக்காதா?"

"இந்தக் குங்குமத்துல எவ்வளவு உலோகம் இருக்கும் தெரியுமா?"

"சாமி குங்குமம் மேடம். அதுல கெட்டது ஒண்ணும் இருக்காது."

அந்தப் பெண் அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பாட்டிலையெல்லாம் வாரிக்கொண்டு போய் மறுபடி கழுவி, மழைக்குள் கொண்டுவந்து சேர்த்தார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நீதான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரெண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாய்.

சித்திரை வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு வாசலைத் தாண்ட எனக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. மல்லாட்டை போட்ட நிலத்தையும் உன் அக்கா வீட்டார்தான் பார்த்துக்கொண்டார்கள். தார்ப்பாய் மூடின வண்டி வாசலில், வண்டியைப் பார்த்தபடி நான் உள்ளே.

இப்போது மேடம் போனில் விஷயத்தைச் சொன்னார். ஆறு வறண்டு கிடந்து முதல் முதலாக வருகிற தண்ணீர்தான் அவருக்கு முக்கியம். கோடை முழுக்க மலையிலும் மண்ணிலும் அரித்துச் சேர்ந்ததை அதுதான் அள்ளிக்கொண்டு வரும். ஒரு நாள் விட்டால் வயல் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் கலந்துவிடும். நீ இருந்த வருஷங்களிலெல்லாம் அந்தத் தண்ணீர் கிடைத்துவிட்டது. இந்த ஒரு மழை கிடைத்தால் அவர் கணக்கு முழுமையாகும். இல்லாவிட்டால் நீ ஓடின ஓட்டமெல்லாம் பாதிக் கணக்காக நிற்கும். அவரோ சாயங்கால ரயிலுக்குத்தான் திண்டிவனம் வந்து சேர முடியும்.

"நான் போறேன் மேடம்" என்று என் வாய்தான் சொன்னது. எனக்கே தெரியாது.

அவர் பழைய வழக்கப்படி விதிகளை ஒப்பித்தார். "பவுடர் போடாதீங்கக்கா. கையில வளையல், மோதிரம் இருக்கக் கூடாது, கால்ல மெட்டி, கழுத்துல..." அதோடு நின்றுவிட்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றேன். "கழுத்துல இல்ல. கையில இல்ல. கால்ல இல்ல. இப்ப நான் சுத்தக் கை."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டார். நான்தான் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே நம் சண்டை ஞாபகம் வந்தது. ஒரு நாள் உன் விரலில் வெட்டுக்காயம், சுத்தக் கைக்கு நான் மாற வேண்டியிருந்தது. "தாலியக் கழட்டி பெட்டியில வெச்சிட்டு வா" என்று சாதாரணமாகச் சொன்னாய். "உசுரோட இருக்கும்போதே கழட்டச் சொல்றியே, உனக்கு இன்னா கொழுப்புய்யா?" என்று நான் ஆற்றங்கரையில் ஆடின ஆட்டத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நீ பயந்துபோய்த் தாலியைப் பாலிதீன் பையில் சுற்றி, டேப் ஒட்டி, என் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, "இப்ப பேக் பண்ணியாச்சு, போ" என்றாய். இன்றைக்கு எந்த பேக்கிங்கும் தேவைப்படவில்லை.

மேடம் விட்டுப்போயிருந்த பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினேன். எதிர்வீட்டிலிருந்து உன் அக்கா வந்து குறுக்கே நின்றார்.

"எங்கடி?"

"ஆத்துக்கு அண்ணி."

"இன்னும் வருஷம் திரும்பல. வூட்டவுட்டு எறங்கி ஆத்துக்குப் போறியா? ஊரு இன்னா பேசும்?"

"அண்ணி, ரெண்டு பேரு வேணும். ஒரு ஆளு குறையுது."

நான் துணைக்குக் கூப்பிடுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "இரு, பைய எடுத்துக்கினு வர்றேன். தனியா போனா இன்னும் பேசுவானுங்க" என்று உள்ளே போனார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் கண்டக்டர் தெர்மோகோல் பெட்டியைத் தட்டி, "மீன் பெட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"மீனு இல்லப்பா, காலி பாட்டிலு" என்றார் உன் அக்கா.

"காலி பாட்டிலுக்கு எதுக்கு இந்தப் பெட்டி? மோந்து பாக்கட்டுமா?"

"மோப்பம் புடிக்கிற வேலையா பாக்குற? டிக்கெட்ட கிழி."

ஒரு வழியாக எங்களுக்கு இலவசம், உன் பாட்டில்களுக்கு டிக்கெட் என்று போய்ச் சேர்ந்தோம்.

ஆறு வந்திருந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக, மணலை நனைத்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. வேலையைப் பங்கு போட்டேன்.

"அண்ணி, நீ பெட்டியைத் தொறந்து வெளிக்கவரப் பிரி, அதுக்கு மேல எதையும் தொடாத. நீ அழுக்குக் கை."

"யாருடி அழுக்குக் கை?" அவர் ரெண்டு கையையும் நீட்டினார். கை நிறைய வளையல், விரல் நிறைய மோதிரம். "காலையில மஞ்ச தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்திருக்கிறேன். நீ குளிச்சியா?"

"நானும் இவ்ளோ வருஷம் அழுக்குக் கைதான் அண்ணி. உன் தம்பி வெச்ச பேரு."

"அவனா வெச்சான்?" என்று அடங்கினார். "வெப்பான், வெப்பான். சின்ன வயசுல எனக்கும் ஒரு பேரு வெச்சான்." என்ன பேர் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

புதுக் கையுறை போட்டுக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிர்முகமாக இறங்கினேன். பாட்டிலை ஆற்றுத் தண்ணீராலேயே கழுவிக் கொட்டினேன். நிரப்பலாமென்று குனிந்தபோது மேல்பக்கத்தில் வளையல் சத்தம். நிமிர்ந்தேன். எனக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்தில், உன் அக்கா முழங்காலளவு இறங்கி நிற்கிறார். கையில் தட்டு. தட்டில் ஒரு மலை மஞ்சள், ஒரு மலை குங்குமம், வெற்றிலை, காசு.

"அண்ணி! போடாத!"

"புதுத் தண்ணிக்குப் போடாம எப்படிடி?"

"அண்ணி, அது அப்படியே என் பாட்டிலுக்கு வரும்!"

"வந்தா வரட்டும், நல்லதுதானே?"

யோவ், உன் ரத்தம்தான். ஜாக்கிக்குச் சந்தனம் வைத்தவனுக்குக் கூடப் பிறந்தவள். கை குங்குமத்தை அள்ளிவிட்டது. ஓடிப் போய்ப் பிடிக்க முடியாது, பிடித்தால் என் கை அழுக்குக் கை. நட்டாற்றில் ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்த மாதிரி நின்றேன்.

"அண்ணி, இன்னாத்துக்கு இப்ப?"

அவர் கை அப்படியே நின்றது. "வருஷா வருஷம் என் தம்பி இந்தத் தண்ணியில எறங்கினான். இந்த ஆத்தா ஒரு குறையும் வெக்காம கரையேத்தி வுட்டா. அதுக்கு அவளுக்கு ஒரு கும்பிடு போட வேணாமா? நீ இப்ப குங்குமம் தொடக் கூடாதேன்னுதான் நான் எடுத்தாந்தேன்."

என்னைத் தடுக்க வந்தவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குக் கண்ணீர் மறைத்தது. துடைக்கவும் கை இல்லை.

"போடு அண்ணி. வேணான்னு சொல்லல. எனக்குக் கீழ்ப்பக்கம் வந்து போடு. அங்கயும் அவதானே?"

யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையேறி, என்னைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் இறங்கினார். நான் மேலே பாட்டிலை நிரப்பினேன். அவர் கீழே மஞ்சளைக் கரைத்தார். ஒரே ஆறுதான், யாருக்கும் குறையில்லை.

சாயங்காலம் திண்டிவனம் ஸ்டேஷனில் மேடம் இறங்கினார். பெட்டியைத் திறந்து பார்த்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் திரும்புகிற ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்டேன். "இதுல இன்னா தெரியும் மேடம்?" நீ இருந்தவரை எல்லாம் தெரிந்தவன் நீ, நான் எதற்குக் கேட்பது?

அவர் பொறுமையாகச் சொன்னார். செம்பில் ரெண்டு வகை இருக்கிறது. ரெண்டும் செம்புதான், ஒன்று துளி கனம், ஒன்று துளி லேசு. பாறை அரிபட்டு மண்ணாகும்போது ரெண்டும் வெளியே வரும். லேசானது பெரும்பாலும் செம்மண்ணில் இருக்கிற இரும்புத் துருவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். கனமானதுதான் தண்ணீரில் கரைந்து அதிகமாக ஆற்றோடு போகும். தண்ணீரில் எது எவ்வளவு என்று பார்த்தால் மேலே மலையிலும் மண்ணிலும் என்ன நடக்கிறது என்று சொல்லலாமாம்.

"கனமானதா போவும்?" என்றேன். "அவரு டீக்கடையில எல்லாம், கனமானது அடியில தங்கிடும், லேசானது மெதந்து போயிடும்னு சொல்லிக்கினு இருந்தாரே."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "என்கிட்டயும் அப்படித்தான் சொல்வாரு. திருத்தினா கேக்கவே மாட்டாரு."

உன் அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "மேடம் சொல்றதுதான் சரி. என் தம்பி உக்காந்தா வண்டி ஒரு பக்கம் சாயும். அவன் போய்ட்டான். ஊதினா பறக்குற இவ மண்ணப் புடிச்சிக்கினு கெடக்குறா."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மேடம் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்திரைக்குப் பிறகு முதல் சிரிப்பு. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததில், ஸ்டேஷன் நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது.

அப்புறம் மேடம் வெளிக்கவர் மேல் ஒட்டுகிற சீட்டை எடுத்தார். எடுத்த இடம், எடுத்த நேரம், எடுத்தவர் பெயர். பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

"என் தம்பி பேரையே போடு கண்ணு" என்றார் உன் அக்கா. "அவன் ஆரம்பிச்சது."

நானும் அதைத்தான் நினைத்தேன்.

மேடம் தயங்கினார். "யாரு சுத்தக் கையோ அவங்க பேருதான்மா போடணும். நாளைக்கு ஏதாவது தப்பா வந்துச்சுன்னா யாரைக் கேக்கணும்னு தெரியணும் இல்ல?"

உன் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தப்பா வந்தாவா? அப்ப இவ பேரையே போடு!"

மேடம் பேனாவை என்னிடம் கொடுத்தார். மடியில் பெட்டியை வைத்து, சீட்டை அதன்மேல் வைத்து, முழுப் பெயரையும் எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. மேடம் அதை அப்படியே ஒட்டினார்.

ரயில் போய்விட்டது. நீ போனதிலிருந்து என்னிடம் சாப்பிட்டியா, தூங்கினியா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். இனி அந்தத் தண்ணீரில் ஏதாவது சந்தேகம் என்றால், சென்னையில் யாரோ ஒருவர் என் பெயரைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு, அன்றைக்கு ஆற்றில் என்ன நடந்தது என்று கேட்பார். மேலே யார் நின்றார், கீழே யார் நின்றார், தண்ணீர் என்ன நிறம் என்று நான்தான் சொல்ல வேண்டும். அதனால் எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.